வந்துபோகிறவர்களுக்கு யார் பொறுப்பு?

2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாட்கள் காஞ்சிபுரம் வேறோர் ஊராக இருந்தது. வரதராஜப் பெருமாள் கோயிலின் அனந்தசரஸ் குளத்துக்குள் நாற்பது ஆண்டுகள் கிடந்த அத்திமரத் திருமேனி, அத்தி வரதர், மேலே வந்திருந்தார். இதற்கு முன் அவர் வந்தது 1979-இல், அதற்கும் முன் 1939-இல். 2011 கணக்கெடுப்பின்படி நகராட்சியின் மக்கள்தொகை ஏறத்தாழ 1 லட்சத்து 64 ஆயிரம். அந்த 48 நாட்களில் வந்துபோனவர்கள் ஒரு கோடிக்கும் மேல் என்று சொல்லப்பட்டது. வீட்டில் நான்கு பேருக்கு உலை வைத்திருக்கும்போது வாசலில் இருநூறு பேர் வந்து நின்றது போல.

ஊர் எப்படியோ சமாளித்தது. ஓரிக்கைப் பக்கம் போன்ற விளிம்புகளில் தற்காலிகப் பேருந்து நிலையங்கள் முளைத்தன. அங்கிருந்து கோயிலுக்குச் சிற்றுந்துகள் ஓடின. பிற நகராட்சிகளிலிருந்து துப்புரவுப் பணியாளர்களும் பிற மாவட்டங்களிலிருந்து காவலர்களும் வந்தார்கள். குடிநீர்த் தொட்டி, தற்காலிகக் கழிப்பறை, மருத்துவ முகாம் என்று ஏற்பாடுகள் நடந்தன. குறைகளும் இருந்தன. ஜூலை 18 அன்று கட்டுக்கடங்காத கூட்டத்தில் நால்வர் உயிரிழந்தார்கள். அதன்பின் ஏற்பாடுகள் மேலும் இறுக்கமாயின. எப்படியிருந்தாலும், வந்தவர்களில் பெரும்பாலோர் இந்த ஊரில் ஓட்டுப் போடுகிறவர்கள் இல்லை, வீட்டுவரி கட்டுகிறவர்கள் இல்லை. அவர்களுக்கு எங்கே தண்ணீர், எங்கே நிழல், எங்கே கழிப்பறை என்று ஓர் அரசு இயந்திரமே உட்கார்ந்து கணக்குப் போட்டது.

அதே மாவட்டத்தில், அதே ஆண்டில், இன்னொரு கூட்டமும் வந்துபோய்க்கொண்டிருந்தது. விடியற்காலை ஐந்து மணிக்குக் கம்பெனி பஸ்ஸுக்காக நிற்கிற பையன்கள், ஒரே அறையில் எட்டுப் பேர் தங்கி ஒரகடம் ஆலைக்குப் போகிற அசாம்காரர்கள், பாலாற்றுக்கு அப்பால் செங்கல் அறுத்துவிட்டு மழைக்கு முன் ஒடிசா திரும்புகிற குடும்பங்கள். இவர்களுக்கு எங்கே தண்ணீர் என்று கணக்குப் போட்டது யார்?

நகரங்கள் தற்காலிகமான, மாறிக்கொண்டேயிருக்கிற இடப்பெயர்வை எப்படி ஆள்கின்றன என்று இன்று முனைவர் பட்ட ஆய்வுகள் நடக்கின்றன. தலைப்பைக் கேட்டால் பல்கலைக்கழகத்துக்குள்ளேயே முடிந்துபோகிற விஷயம் போலத் தோன்றும். ஆனால் அது கேட்பது இதைத்தான். நிரந்தரமாகத் தங்காத மனிதருக்கு ஓர் ஊர் என்ன கடன்பட்டிருக்கிறது, அந்தக் கடனை யார் தீர்க்கிறார்கள் அல்லது தட்டிக்கழிக்கிறார்கள்? காஞ்சிபுரத்தை வைத்தே அதை விளங்கிக்கொள்ளலாம்.

முதலில் ‘ஆளுகை’ என்ற சொல். அரசாணை, சட்டம், அதிகாரி இவை மட்டும் ஆளுகை ஆகாது. ஒருவர் எங்கே தூங்கலாம், எத்தனை மணிக்கு வெளியே போகலாம், வேலையை விட்டுப் போக முடியுமா, நோய் வந்தால் எங்கே போவது என்பதையெல்லாம் யார் தீர்மானிக்கிறாரோ அவர் அந்த அளவுக்கு அவரை ஆள்கிறார். மாநகராட்சி அதைத் தீர்மானிக்காவிட்டால் வேறு யாரோ தீர்மானிக்கிறார்: வீட்டுக்காரர், மேஸ்திரி, கான்ட்ராக்டர், விடுதி வார்டன். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது பெரும்பாலும் இந்த ஒன்றுதான்.

அடுத்து ‘தற்காலிகம்’. இந்தியாவில் இடம்பெயர்ந்தவர்கள் என்று 2011 கணக்கெடுப்பு காட்டிய எண்ணிக்கை 45 கோடியைத் தாண்டும். அதில் மிகப் பெரிய பங்கு கல்யாணமாகிப் புகுந்த வீடு போன பெண்கள். வேலைக்காக நான்கு மாதம் போய்த் திரும்புகிறவர் அந்த வலையில் சரியாகச் சிக்குவதில்லை. 2011-இல் ஆட்களை எண்ணியது பிப்ரவரி 9 முதல் 28 வரை. செங்கல் சூளையில் அந்த மாதம் வேலை மும்முரம், ஆகஸ்டில் சூளை வெறிச்சோடிக் கிடக்கும். ஆண்டுக்கு ஒரு படம் எடுத்தாலே பாதிதான் தெரியும் என்கிற வாழ்க்கையை நாம் பத்தாண்டுக்கு ஒரு படம் எடுத்துப் பார்க்கிறோம். 2021-இல் எடுக்க வேண்டியதும் தள்ளிப்போய், இப்போது 2027 என்று அறிவித்திருக்கிறார்கள். தேசிய மாதிரி ஆய்வு நிறுவனம் 2007-08-இல், ஒரு மாதத்துக்கு மேல் ஆறு மாதத்துக்குள் வேலைக்காக வெளியே தங்கியவர்களைத் தனியே எண்ணிப் பார்த்தது. 2016-17 பொருளாதார ஆய்வறிக்கை வேறு வழியில் போனது. முன்பதிவில்லாத ரயில் பயணங்களின் கணக்கிலிருந்து, ஆண்டுக்குச் சராசரியாக 90 லட்சம் பேர் மாநிலம் விட்டு மாநிலம் வேலைக்குப் போகிறார்கள் என்று மதிப்பிட்டது. கணக்கெடுப்பாளரின் தாளில் அகப்படாத மனிதர் ரயில் டிக்கெட்டில் அகப்பட்டிருக்கிறார்.

எண்ணிக்கை ஏன் முக்கியம் என்றால், உள்ளாட்சிக்கு வரும் நிதிப் பங்கீட்டில் மக்கள்தொகை ஒரு முக்கிய அளவுகோல். கணக்கில் இல்லாதவருக்குக் குழாயில் தண்ணீர் விட நகராட்சியிடம் பணமும் இல்லை, கட்டாயமும் இல்லை.

*

காஞ்சிபுரத்துக்கு இது புதுக் கேள்வி இல்லை. பட்டு நெய்கிற ஊர் என்றால் தலைமுறை தலைமுறையாக ஒரே இடத்தில் உட்கார்ந்த ஊர் என்று நினைக்கிறோம். சாலியர், செங்குந்தர், தேவாங்கர், பத்மசாலியர் என்று இங்கே தறி பிடித்த சமூகங்களின் வீட்டுமொழிகளைக் கேட்டாலே, அவர்களில் பலர் எங்கெங்கிருந்தோ நடந்து வந்தவர்கள் என்பது தெரிந்துவிடும். சேலையும் அப்படித்தான். பட்டு நூல் கர்நாடகத்திலிருந்தும் ஜரிகை சூரத்திலிருந்தும் வந்து இங்கே சேலையாகிறது.

பத்தாம் நூற்றாண்டின் இறுதியில் எழுதப்பட்ட உத்தம சோழனின் செப்பேடு ஒன்று இன்று சென்னை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அது கச்சிப்பேட்டின், அதாவது காஞ்சியின், ஊரகம் கோயிலைப் பற்றியது. ஊரின் நான்கு பகுதிகளில் வாழ்ந்த நெசவாளர்களிடம் அந்தக் கோயிலின் நிர்வாகப் பொறுப்பு ஒப்படைக்கப்படுவதை அதில் பார்க்கிறோம். நெசவாளர் வெறும் கைத்தொழிலாளியாக இல்லாமல் ஊரின் கணக்கு வழக்கில் கைவைக்கிறவராக இருந்திருக்கிறார். பிற்கால விஜயநகரக் கல்வெட்டுகளில் இன்னொரு காட்சி வருகிறது. தறிக்கு வரி உண்டு. வரி கூடினால் நெசவாளர்கள் ஊரைக் காலிசெய்துவிட்டுப் போய்விடுவார்கள். திரும்பி வரவேண்டுமென்றால் வரியைக் குறைத்தாக வேண்டும். புதிதாக வந்து குடியேறுகிறவர்களுக்குச் சலுகை தருவதும் அந்தக் காலத்து வழக்கம். நடந்துபோய்விடக் கூடியவர் என்பதே நெசவாளரின் பேரம் பேசும் பலமாக இருந்தது.

கிழக்கிந்தியக் கம்பெனியும் இதைப் புரிந்துவைத்திருந்தது. 1734-இல் சென்னையில் கூவம் வளைவில் ஒரு பேட்டையை அமைத்தார்கள், நூற்பவர்களையும் நெய்பவர்களையும் அழைத்து வந்து குடியேற்ற. சின்னத் தறிப்பேட்டை. இன்று சிந்தாதிரிப்பேட்டை. நெசவாளர் வேண்டுமென்றால் வீட்டுமனையும் முன்பணமும் கோயிலும் சேர்த்துத் தர வேண்டும் என்பது அன்றைய நிர்வாகத்துக்குத் தெரிந்திருந்தது. உழைப்பவர் வந்தால் போதும், எங்கே தூங்குவார் என்பது நம் வேலையில்லை என்கிற பழக்கம் மிகப் பின்னால் வந்தது.

நெசவாளரைக் கட்டிப்போட இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று தறி. காஞ்சிபுரம் தறி குழித்தறி. வீட்டுத் தரையைத் தோண்டி, அந்தக் குழிக்குள் காலை விட்டு, மிதியை மிதித்து நெய்ய வேண்டும். வாடகை வீட்டில் ஆணி அடிக்கவே அனுமதி கேட்கிற காலத்தில் தரையைத் தோண்ட எந்த வீட்டுக்காரர் சம்மதிப்பார்? பாவு நீட்டி இழுக்க நீளமான தெருவும் வேண்டும். அதனால்தான் பிள்ளையார்பாளையம் மாதிரியான பகுதிகளில் வீடும் தொழிற்கூடமும் தெருவும் ஒன்றாகவே இருந்தன. ஆலை வேலைக்கு வருகிறவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மறுநாளே அறை மாற்றலாம், குழித்தறிக்காரரால் முடியாது.

இன்னொன்று அட்வான்ஸ். தமிழில் இந்தச் சொல் இரண்டு திசையில் ஓடுகிறது. வாடகைக்கு வருகிறவர் வீட்டுக்காரருக்குக் கொடுப்பதும் அட்வான்ஸ், முதலாளி கூலிக்காரருக்கு முன்கூட்டியே கொடுப்பதும் அட்வான்ஸ். முதலாவது கையில் பணம் இல்லாதவரை ஊருக்குள் நுழைய விடாது. இரண்டாவது, வாங்கியவரைக் கடன் தீரும்வரை வெளியே போக விடாது. காஞ்சிபுரம் பட்டில் முதலாளியிடம் வாங்கிய முன்பணத்தால் வேறு தறிக்குப் போக முடியாமல் நின்ற குடும்பங்களின் கதை நீண்டது. சேலையின் உடலையும் கரையையும் இணைக்கும் கோர்வை போடத் துணைக்கு இன்னொருவர் வேண்டும் என்பதால் பிள்ளைகளும் தறியடியில் உட்கார்ந்தார்கள். 1990-களிலும் அதற்குப் பின்னும் அதை ஒழிக்கப் பெரிய முயற்சிகள் நடந்தன, பெருமளவு பலனும் கிடைத்தது. கூட்டுறவுச் சங்கங்கள் உண்டான காரணங்களில் ஒன்றே, தனியார் முதலாளியின் அந்தப் பிடியிலிருந்து நெசவாளரை விடுவிப்பதுதான். தறிக்காரரின் மகன் அண்ணாதுரை முதலமைச்சரான ஊர் இது. அவர் பெயரிலேயே இங்கு ஒரு பெரிய பட்டுக் கூட்டுறவுச் சங்கம் நடக்கிறது.

*

1990-களின் பிற்பாதியில் காற்று திரும்பியது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் வந்தது. 1998-இல் அங்கிருந்து கார்கள் வெளிவரத் தொடங்கின. 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா, 2010-இல் ஒரகடத்தில் ரெனோ நிசான். காஞ்சிபுரத்திலிருந்து முக்கால் மணி, ஒரு மணி நேரப் பயணம். தறியில் நாள்முழுக்கக் குனிந்து கிடைக்கும் கூலியையும், மாதம் பிறந்தால் வங்கியில் விழுகிற சம்பளத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கப் பெரிய படிப்பு தேவையில்லை. நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் கம்பெனி பஸ் ஏறினார்கள். அப்பா காலத்துக் குழியைச் சிமென்ட் போட்டு மூடிய வீடுகள் உண்டு.

அதே சமயம் இந்தப் பகுதிக்குள் வெளியிலிருந்து ஆட்கள் வந்தார்கள். முதலில் தென்மாவட்டங்களிலிருந்தும் வடமாவட்டங்களிலிருந்தும் டிப்ளமா படித்த பையன்கள், பிளஸ் டூ முடித்த பெண்கள். பிறகு ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்கம், அசாம். 2010-களின் நடுவில் தமிழகத் தொழிலாளர் துறைக்காக எடுத்த கணக்கில் மாநிலத்தில் பிறமாநிலத் தொழிலாளர் சுமார் 10.67 லட்சம் பேர். மாவட்ட வரிசையில் முதலிடம் காஞ்சிபுரத்துக்கு, ஏறத்தாழ ஐந்தில் ஒருவர். செங்கல்பட்டு 2019 நவம்பரில்தான் தனி மாவட்டமாகப் பிரிந்தது என்பதால் அந்த எண்ணில் இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன.

இந்த வருகைக்குத்தான் ‘மாறிக்கொண்டேயிருக்கிற’ என்ற அடைமொழி பொருந்துகிறது. நோக்கியா ஆலை 2014 நவம்பர் 1 அன்று நின்றது. அதை நம்பி மாடிக்கு மேல் மாடி கட்டி அறைகளை வாடகைக்கு விட்டவர்கள், மெஸ் நடத்தியவர்கள், வேன் ஓட்டியவர்கள் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தொழில் படுத்தது. சில ஆண்டுகளில் வேறு நிறுவனங்களின் பெயரில் அதே வட்டாரத்துக்கு மீண்டும் கூட்டம் வந்தது, இந்த முறை பெரும்பாலும் இளம் பெண்கள். ஓர் ஊரின் மக்கள்தொகை ஒரு நிறுவனத்தின் ஆர்டர் புத்தகத்தைப் பார்த்து ஏறி இறங்கினால், பத்தாண்டுத் திட்டம் போடுகிற நகரமைப்பு அலுவலகம் என்ன செய்யும்?

இதில் எல்லைச் சிக்கலும் உண்டு. ஆலை நிற்பது அரசின் தொழிற்பேட்டை நிறுவனமான சிப்காட்டின் நிலத்தில். சுற்றியிருப்பவை ஊராட்சிகள். தொழிலாளி தூங்குவது இன்னொரு ஊராட்சியிலோ, காஞ்சிபுரம் மாநகராட்சியிலோ, பக்கத்து மாவட்டத்திலோ. காஞ்சிபுரம் 1866-இல் நகராட்சியாகி, 2021-இல் மாநகராட்சியாக உயர்ந்த ஊர். கோயிலைச் சுற்றி வரும் கூட்டத்தைக் கையாண்டு பழகிய நிர்வாகம். இந்தப் பஸ் கூட்டமோ விடியலில் கிளம்பிப் போய் இருட்டில் திரும்புகிறது. அலுவலக நேரத்தில் ஊரில் இருப்பதே இல்லை.

அப்படியானால் யார் ஆள்கிறார்கள் என்பது 2021 டிசம்பரில் எல்லாருக்கும் தெரிந்தது. ஸ்ரீபெரும்புதூர் அருகே ஐபோன் பூட்டும் ஃபாக்ஸ்கான் ஆலையில் வேலை பார்த்த பெண்களின் விடுதி ஒன்றில் சாப்பாடு கெட்டு, நூற்றுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போனார்கள். தோழிகள் என்ன ஆனார்கள் என்று தெரியாமல், வதந்தியும் பரவ, பெண்கள் இரவோடிரவாகச் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். ஆலை சில வாரங்கள் மூடப்பட்டது. அவர்கள் வேலை செய்தது ஒரு நிறுவனத்தில், ஆளெடுத்தது கான்ட்ராக்டர், விடுதியை நடத்தியது வேறொருவர், சமைத்தது இன்னொருவர். தட்டில் விழும் சோற்றுக்கு யார் பொறுப்பு என்று ஒரு பெண் கேட்டால், சுட்டிக்காட்ட நான்கு பேர் இருந்தார்கள், பதில் சொல்ல ஒருவர் இல்லை. உள்ளாட்சி அமைப்பின் பெயர் அந்தப் பேச்சில் வந்ததாகவே எனக்கு நினைவில்லை. தூங்கும் இடம், உண்ணும் சோறு, குளிக்கும் தண்ணீர் என்று அங்கே கெட்டுப்போனவை எல்லாம் எந்த ஊரிலும் உள்ளாட்சியின் அன்றாடக் கவலைகள்தான் என்பதை நினைத்தால் இது எவ்வளவு விசித்திரம் என்று புரியும்.

அரசு அசைந்தது. 2024 ஆகஸ்ட் 17 அன்று வல்லம் வடகாலில் சிப்காட் கட்டிய விடுதி வளாகம் திறக்கப்பட்டது. சுமார் 706 கோடி ரூபாய் செலவு, 18,720 படுக்கைகள். ஒரு பேரூராட்சி அளவு மக்கள் ஒரே வளாகத்தில். நான் இதை வரவேற்கிறேன். தளத்துக்குத் தளம் குடிநீர், காற்றோட்டம், பாதுகாப்பு என்று யோசித்துக் கட்டிய இடம் எட்டுப் பேர் அறையைவிட எவ்வளவோ மேல். கூடவே ஒரு கவலையும் உண்டு. வேலையும் படுக்கையும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டால், வேலையை விடுகிற அன்றே படுக்கையும் போய்விடும். சம்பளம் போதாது என்று வாய் திறப்பதற்கு முன் ஒரு பெண் தன் டிரங்குப் பெட்டியைப் பற்றியும் யோசிக்க வேண்டியிருக்கும். பழைய அட்வான்ஸ் செய்த வேலையைப் படுக்கை செய்துவிடக் கூடாது.

இதை முழுதாகப் பார்க்க வேண்டுமென்றால் சிங்கப்பூரைப் பார்க்கலாம். நம் ஊர்ப் பையன்கள் ஆயிரக்கணக்கில் போகிற இடம்தான். அங்கே தற்காலிகத் தொழிலாளி கணக்கில் வராமல் போவதே இல்லை. அனுமதிச் சீட்டு, பெரிய விடுதிகளுக்கு 2015-இல் தனிச் சட்டம், வேலைக்கு லாரி என்று எல்லாம் ஏட்டில் இருக்கிறது. ஆனால் 2020-இல் கொரோனா வந்தபோது விடுதிகள்தான் பெரிதும் பற்றிக்கொண்டன. ஆண்டு இறுதிக்குள் விடுதித் தொழிலாளர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்குத் தொற்று வந்துபோயிருந்தது என்று அந்த அரசே சொன்னது. ஊர் மக்களிடமிருந்து பிரித்து, நெருக்கி அடுக்கி வைத்த ஏற்பாட்டுக்குக் கிடைத்த பலன். ஆக, எண்ணுவது மட்டும் போதாது, எங்கே வைத்து எண்ணுகிறோம் என்பதும் கேள்வி. கேரளம் நமக்குப் பக்கம். வெளிமாநிலத்தவரை அங்கே அரசு ஆவணங்களிலேயே ‘அதிதி தொழிலாளி’ என்கிறார்கள். 2017-இல் அவர்களுக்கென ‘ஆவாஸ்’ காப்பீடு, 2019-இல் பாலக்காடு கஞ்சிக்கோட்டில் 640 படுக்கைகளோடு ‘அப்னா கர்’ விடுதி. எண்ணிக்கை சிறிது. விருந்தாளி என்ற சொல்லிலேயே ‘போய்விடுவார்’ என்பதும் ஒளிந்திருக்கிறது. இருந்தாலும் நம் தெருவில் புழங்குகிற ‘வடக்கன்’ என்ற சொல்லைவிட அந்தச் சொல் மரியாதையானது.

*

சூளைக் குடும்பங்களைப் பற்றிச் சற்றுச் சொல்ல வேண்டும். ஏனெனில் இடப்பெயர்வில் மிகக் குறைவாகக் கண்ணில் படுகிறவர்கள் அவர்கள். காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களின் செங்கல் சூளைகளை இங்கே ‘சேம்பர்’ என்றே சொல்வார்கள். மேற்கு ஒடிசாவின் பலாங்கிர், நுவாபடா பக்கத்தில் நுவாகாய் என்னும் புத்தரிசித் திருநாள் முடிந்ததும் சர்தார் எனப்படும் ஆள்பிடிப்பவர் வீடு வீடாக அட்வான்ஸ் கொடுப்பார். கணவன், மனைவி, பிள்ளைகள் சேர்ந்து ஒரு குழு. தை மாதத்தை ஒட்டி வந்து, தென்மேற்குப் பருவமழையை ஒட்டித் திரும்புவார்கள். சூளை பெரும்பாலும் ஊராட்சி எல்லையில், ஊருக்கு வெளியே. பிள்ளைகளுக்கு மொழி தெரியாது, பள்ளி தொலைவு. இந்த மாவட்டங்களில் சூளைப் பிள்ளைகளுக்கு ஒடியா மொழிப் பாடநூல்களை வரவழைத்துப் பணியிடத்திலேயே பள்ளி நடத்திய முயற்சிகள் நடந்தன. பிள்ளை தாய்மொழியில் படிக்க, இரண்டு மாநிலங்களின் கல்வித் துறைகள் ஒரே மேசையில் உட்கார வேண்டியிருந்தது. எனக்கு இது ஒரு முன்மாதிரியாகவே தோன்றுகிறது. போகும் ஊரும் வரும் ஊரும் சேர்ந்து பொறுப்பேற்றால்தான் பாதி வருடம் அங்கும் பாதி வருடம் இங்குமாக வாழும் பிள்ளை ஒரு வகுப்பை முடிக்கும்.

ஊருக்குள் தங்கி வேரூன்றிப்போனவர்கள் கதை வேறு. வேகவதி ஆற்றங்கரையில் பல்லாண்டுகளாகக் குடிசைகளும் வீடுகளும் பெருகின. அவர்கள் நிர்வாகத்தின் கண்ணில் பெரிதாகப் பட்டது 2015 வெள்ளத்துக்குப் பிறகு, ‘ஆக்கிரமிப்பு’ என்ற பெயரில். கீழ்க்கதிர்ப்பூரில் 2,000-க்கும் மேற்பட்ட அடுக்குமாடி வீடுகள் கட்டப்பட்டன. ஆறு ஆறாக ஓட வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் தங்க இடம் தேடி ஓர் ஊருக்கு வந்தவரை அந்த ஊர் முதன்முதலாகக் கோப்பில் எழுதிக்கொள்வது அவரை அப்புறப்படுத்தும் நாளில் என்றால், அதற்கு முந்தைய ஆண்டுகளில் அவரை யார் ஆண்டது என்று கேட்கத் தோன்றுகிறது.

சட்டம் இல்லை என்று சொல்ல முடியாது. மாநிலங்களுக்கிடையே இடம்பெயரும் தொழிலாளர் சட்டம் 1979-இலேயே வந்துவிட்டது. ஆளெடுக்கும் கான்ட்ராக்டருக்கு உரிமம், தொழிலாளிக்குப் புகைப்படத்தோடு கணக்குப் புத்தகம், வந்துபோக வழிச்செலவு, தங்குமிடம் என்று அதில் எல்லாம் எழுதியிருந்தது. 2025 நவம்பர் முதல் அது புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள் அடங்கிவிட்டது. இரண்டிலும் முதன்மையாக முன்னிற்பது முதலாளியும் கான்ட்ராக்டரும் தொழிலாளர் துறையும். நகராட்சிக்கு அங்கே தனி நாற்காலி இல்லை. தொழிலாளர் துறையைத் தவிர இவர்களின் பெயரைக் கேட்டு வாங்குகிற இன்னொரு அலுவலகம் காவல் நிலையம். வாடகைக்கு இருப்பவரின் ஆதார் நகலை அங்கேதான் கொடுக்கிறோம். இவர்களில் எத்தனை பேருக்குத் தண்ணீர் தேவை என்று கேட்க ஓர் அலுவலகம் இல்லை. அவரால் ஆபத்து வருமா என்று பார்க்க ஓர் அலுவலகம் இருக்கிறது.

2020 மார்ச் ஊரடங்கு இந்த ஓட்டையை நாட்டுக்கே காட்டியது. அதிலிருந்து சில நல்ல காரியங்கள் பிறந்தன. ‘ஒரே நாடு ஒரே ரேஷன் கார்டு’ தமிழ்நாட்டில் 2020 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 2021 ஜூன் 29 அன்று உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களும் ஜூலை முடிவதற்குள் அதைச் செய்தாக வேண்டும் என்றது, சமுதாயச் சமையற்கூடங்கள் நடத்தவும் சொன்னது. ஆகஸ்டில் அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான இ-ஷ்ரம் பதிவு தொடங்கியது. 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகாரிகளைத் தாக்குகிறார்கள் என்று பொய்க் காணொளிகள் பரவி, பலர் பயந்து ரயிலேறினார்கள். பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்து பார்த்துவிட்டுப் போனது. மாவட்ட நிர்வாகங்கள் இந்தியில் பேசித் தைரியம் சொல்ல வேண்டியிருந்தது. அதுவரை அவர்களோடு பேச நம்மிடம் ஒரு பொது மொழியோ, ஒரு பொது இடமோ இருக்கவில்லை.

எனக்கு மிகவும் பிடித்த எடுத்துக்காட்டு அம்மா உணவகம். 2013-இல் சென்னையில் தொடங்கிப் பிற நகரங்களுக்கும் வந்தது. இட்லி ஒரு ரூபாய். யார், எந்த ஊர், அட்டை எங்கே என்று கேட்பதில்லை. பசித்தவர் வரிசையில் நிற்கிறார், வாங்குகிறார். நடத்துவது உள்ளாட்சி. இடம்பெயர்ந்தவருக்கென்று தனித் திட்டம் என்று யாரும் அதற்குப் பெயர் வைக்கவில்லை, ஆனால் ஊரடங்கில் அதிகம் பயன்பட்டவர்களில் அவர்களும் உண்டு. முகவரி கேட்காத சேவை தற்காலிகமாக வந்தவருக்குத் தானாகவே போய்ச் சேருகிறது. பொதுக் கழிப்பறை, தெருக்குழாய், நகர்ப்புறச் சுகாதார நிலையம், பேருந்து எல்லாம் இந்த வகைதான். வீட்டு இணைப்பு, பட்டா, குடும்ப அட்டை வழியாகப் போகிற எதுவும் அவரைத் தாண்டிப் போய்விடுகிறது.

காஞ்சிபுரத்தில் இதை ஆராய வருகிற மாணவருக்கு நான் சொல்வது: அலுவலகக் கோப்பில் ‘புலம்பெயர்ந்தோர்’ என்ற சொல்லைத் தேடினால் அதிகம் கிடைக்காது. ஐந்து மணிக்குக் கம்பெனி பஸ் நிற்கும் இடத்தில் போய் நில்லுங்கள். மெஸ் வைத்திருப்பவரிடம் எந்த மாதம் கணக்கு ஏறுகிறது, எந்த மாதம் இறங்குகிறது என்று கேளுங்கள், எந்தப் புள்ளிவிவரத்தையும்விடத் துல்லியமாகச் சொல்வார். மாடி அறை வாடகைக்கு விடும் வீட்டுக்காரர் எப்போது தண்ணீர் மோட்டாரைப் போடுகிறார், எப்போது நிறுத்துகிறார் என்று பாருங்கள். குப்பை அள்ளும் பணியாளருக்கு எந்தத் தெருவில் திடீரென்று எத்தனை பேர் கூடினார்கள் என்பது தெரியும். தாளில் இல்லாத நிர்வாகம் இவர்களிடம்தான் இருக்கிறது. பிறகு 2019-இன் அந்த 48 நாட்களின் ஏற்பாட்டுக் கோப்புகளை எடுத்துப் படியுங்கள். தற்காலிகமாக வருபவருக்கு என்னென்ன தேவை என்ற பட்டியல், எத்தனை பேருக்கு எத்தனை கழிப்பறை என்ற கணக்கு, எந்தத் துறை எதற்குப் பொறுப்பு என்ற பங்கீடு எல்லாம் அங்கே இருக்கும். செய்யத் தெரிந்த ஊர்தான் இது.

வாசகர்களில் காஞ்சிபுரத்திலோ ஸ்ரீபெரும்புதூரிலோ மாடி அறையை வாடகைக்கு விட்டிருப்பவர் இருந்தால் அவருக்கு இரண்டு விஷயங்கள். உங்கள் அறையில் இருக்கும் ஒடிசாக்காரர், பீகார்காரர் தம் ஊர்க் குடும்ப அட்டை எண்ணும் ஆதாரும் வைத்திருந்தால், இங்குள்ள ரேஷன் கடையில் விரல்ரேகை வைத்துத் தம் பங்குத் தானியத்தை வாங்கலாம். முதல் தடவை கடைக்காரரிடம் தமிழில் எடுத்துச் சொல்ல ஒருவர் கூடப் போனால் போதும். இன்னொன்று, 2027 பிப்ரவரியில் கணக்கெடுப்பாளர் உங்கள் வீட்டுக்கு வரும்போது மேலே இருப்பவர்கள் ஷிஃப்டில் இருப்பார்கள். அறை பூட்டியிருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள். அவர்கள் எத்தனை பேர், எத்தனை மணிக்குத் திரும்புவார்கள் என்று சொல்லி, மறுபடி வரச் சொல்லுங்கள்.